லாடெக் ஆவணத்தில் வரைபடங்கள்: கட்டளைவரியில் வரைவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆய்வேடு, கட்டுரை, ஆய்வக அறிக்கை என்று எதையாவது, கட்டளைகளைப் படித்து ஆவணம் கோக்கும் நிரலான லாடெக்கில் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு எழுத்தும் சமன்பாடும் சில வாரங்களில் பழகிவிடும். அதன் பிறகு எல்லாரும் வந்து நிற்கும் இடம் வரைபடம். அளவீடுகள் ஒரு கோப்பில் கிடக்கின்றன. அவற்றை வளைகோடாக்கி, பக்கத்தில் மற்ற எழுத்துகளோடு பொருந்த உட்கார வைக்க வேண்டும். அது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே இருக்கின்றன. கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது, வேறு விதமாகச் சொல்லாத இடங்களில், ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

சுட்டியால் வரைகிற மென்பொருளில் படம் போட்டு ஒட்டிவிடலாமே, கட்டளைவரி எதற்கு?

ஒரே ஒரு முறைதான் வரையப் போகிறீர்கள் என்றால் தாராளமாக ஒட்டலாம். ஆனால் ஒரு வரைபடத்தை ஒரே முறை வரைந்து முடித்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் ஆய்வேட்டில் 14 வரைபடங்கள். எல்லாவற்றையும் சொடுக்கிச் சொடுக்கி வரைந்து வைத்திருந்தேன். சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது அளவுமானியின் திருத்தக் காரணியைத் தவறாக எடுத்திருந்தது தெரியவந்தது. எண்களைத் திருத்த ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. படங்களைத் திருத்த மூன்று நாள் ஆயிற்று. அதிலும் ஒரு படம் விடுபட்டுப் பழைய எண்களோடே அச்சாகிவிட்டது. வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்பட்டது அதுதான்: அட்டவணையில் ஒரு மதிப்பு, படத்தில் வேறொரு மதிப்பு, எது சரி?

கட்டளைவரியில் வரையும்போது படம் என்பது ஒரு சிறிய உரைக்கோப்பு. எந்தத் தரவை எடுத்தோம், எந்த அச்சில் எதைப் போட்டோம், எல்லை எங்கே வைத்தோம் என்பதெல்லாம் அதில் எழுத்தாகவே இருக்கும். தரவு மாறினால் மறுபடி ஓட்டினால் போதும். இரண்டு வருடம் கழித்துத் திறந்தாலும் அந்தப் படம் எப்படி வந்தது என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

தொடங்குவதற்கு எவையெல்லாம் வேண்டும்?

டெக் லைவ் போன்ற ஒரு முழு லாடெக் நிறுவல், வரைபடம் வரைய க்னூப்ளாட், கட்டளைகளை வரிசையாக ஓட்ட மேக். இந்த மூன்று போதும். லினக்ஸில் மூன்றும் விநியோகத்தின் தொகுப்பகத்திலேயே கிடைக்கும். ஆப்பிளின் மேக் கணினியிலும் விண்டோஸிலும் இவற்றுக்கு நிறுவிகள் உண்டு. பிடிஎஃப் கோப்புகளைச் சோதித்துப் பார்க்க பாப்ளர் தொகுப்பிலுள்ள ‘பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்’, ‘பிடிஎஃப்இமேஜஸ்’ என்ற இரண்டு கட்டளைகளும் இருந்தால் நல்லது.

க்னூப்ளாட் என்பது க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஒரு பகுதியா?

இல்லை. தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி இருவரும் 1986-இல் தொடங்கியது. பெயர் ஒத்துப்போவது தற்செயல். உரிமமும் க்னூ பொது உரிமம் அல்ல. அதற்கென்று தனி உரிமம் இருக்கிறது; அதன்படி, மூல நிரலை மாற்றினால் மாற்றத்தை மட்டும் கொண்ட ஒட்டுக்கோப்பாகத்தான் பகிர வேண்டும். அதை வைத்துப் படம் வரைகிற நமக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை.

படத்தை எந்த வடிவத்தில் சேமிப்பது?

கோடும் எழுத்தும் கொண்ட வரைபடம் என்றால் வெக்டர் வடிவம்தான். அதாவது பிடிஎஃப் அல்லது இபிஎஸ். இவற்றில் ‘இங்கிருந்து அங்கே ஒரு கோடு’ என்ற விவரமே பதிவாகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே இருக்கும். பிஎன்ஜி என்பது படப்புள்ளிகளின் தொகுப்பு. 8 செ.மீ. அகலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட 945 புள்ளி அகலம் வேண்டும். திரையில் நன்றாகத் தெரிந்த 400 புள்ளிப் படம் தாளில் மங்கிப்போவது இதனால்தான். ஜேபெக் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அது புகைப்படத்துக்கான சுருக்க முறை. மெல்லிய கோட்டையும் எழுத்தையும் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆக்கிவிடும்.

பிடிஎஃப்பா இபிஎஸ்ஸா என்பதை நீங்கள் ஓட்டும் நிரல் தீர்மானிக்கிறது. பழைய ‘லாடெக்’, பிறகு ‘டிவிபிஎஸ்’ என்று போகிறவர்களுக்கு இபிஎஸ். ‘பிடிஎஃப்லாடெக்’ இபிஎஸ்ஸை நேரடியாகப் படிக்காது. 2010 முதல் வந்த டெக் லைவ் பதிப்புகள் பின்னணியில் அதைத் தாமே பிடிஎஃப்பாக மாற்றிக்கொள்வதால் பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதே இல்லை. புதிதாகத் தொடங்குகிறீர்களா? பிடிஎஃப்போடு நின்றுகொள்ளுங்கள்.

ஆவணத்தில் சேர்த்ததும் படத்திலுள்ள எழுத்து எறும்பு போலாகிவிடுகிறது. ஏன்?

வரையும்போது ஓர் அளவு, சேர்க்கும்போது வேறோர் அளவு. வரைபடத்தில் வரும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

24 செ.மீ. அகலத்தில் ஒரு படம் வரைகிறீர்கள், எழுத்து 10 பாயின்ட். அதை ஆவணத்தில் 12 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கிச் சேர்க்கிறீர்கள். எழுத்து 5 பாயின்ட் ஆகிவிடும். 1 பாயின்ட் கோடு அரை பாயின்ட் ஆகும். அடுத்த படத்தை 16 செ.மீ. அகலத்தில் வரைந்து அதே 12-க்குச் சுருக்கினால் அதில் எழுத்து 7.5 பாயின்ட். ஒரே பக்கத்தில் இரண்டு படங்களில் இரண்டு அளவு எழுத்து. படிப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண்ணுக்கு உறுத்தும்.

சரி, என்ன செய்வது? படத்தை அச்சில் வரப்போகும் அதே அளவில் வரைய வேண்டும். சேர்க்கும்போது சுருக்கவும் கூடாது, நீட்டவும் கூடாது. ‘இன்க்லூட்கிராஃபிக்ஸ்’ கட்டளையில் அகலத்தைக் குறிப்பிடாமலேயே விட்டுவிடுங்கள்.

அதற்கு முதலில் உங்கள் ஆவணத்தின் வரி அகலம் தெரிய வேண்டும். ஆவணத்துக்குள் ஓரிடத்தில் ‘\தி\லைன்விட்த்’ என்று எழுதிக் கம்பைல் செய்தால் அகலம் பாயின்ட் கணக்கில் அந்த இடத்தில் அச்சாகும். ‘ஆர்ட்டிக்கிள்’ வகுப்பில் 10 பாயின்ட் எழுத்துக்கு அது 345 பாயின்ட். இதைச் செ.மீ. ஆக்கும்போது கவனம் வேண்டும்: லாடெக்குக்கு அடிப்படையான டெக் நிரலின் பாயின்ட் அங்குலத்துக்கு 72.27, போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் பாயின்ட் அங்குலத்துக்கு 72. எனவே 345-ஐ 72.27-ஆல் வகுத்து 2.54-ஆல் பெருக்கினால் 12.13 செ.மீ. வரும். பக்கத்துக்கு இரண்டு பத்திகள் உள்ள இதழ்களில் ஒரு பத்தியின் அகலம் பெரும்பாலும் 8 முதல் 9 செ.மீ.க்குள் இருக்கும்.

க்னூப்ளாட்டில் டெர்மினல் என்பது படத்தை எந்த வடிவில் எழுதுவது என்ற தேர்வு. ‘செட் டெர்மினல்’ என்ற வரியிலேயே ‘சைஸ்’ என்று எழுதி அகலத்தையும் உயரத்தையும் கமாவால் பிரித்துக் கொடுக்கலாம். எண்ணோடு ஒட்டி செ.மீ. அலகின் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்க்க மறக்காதீர்கள். அலகு போடாவிட்டால் பல டெர்மினல்கள் அதை அங்குலமாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: ‘பிடிஎஃப்கெய்ரோ’ டெர்மினலில் எழுத்து அளவை ‘ஃபாண்ட்ஸ்கேல்’ என்ற ஓர் எண் பெருக்குகிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு 0.5. 12 கேட்டு 6 கிடைத்துக் குழம்புகிறவர்கள் ‘ஃபாண்ட்ஸ்கேல் 1’ என்று சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

வெள்ளை ஓரத்தை வெட்டும் ‘பிடிஎஃப்கிராப்’ போன்ற கருவிகளையும் இந்தக் காரணத்துக்காகவே நான் தவிர்ப்பேன். ஓரம் வெட்டப்பட்டால் அளவு மாறும். அகலத்தை நிரப்பப் படத்தை நீட்டத் தோன்றும். எழுத்தளவு மறுபடி குலையும்.

படத்திலுள்ள எழுத்தும் ஆவணத்தின் எழுத்துருவிலேயே வரவேண்டும். முடியுமா?

முடியும். வேலையைப் பிரித்துக்கொடுப்பதுதான் வழி. கோடு, புள்ளி, வண்ணம் எல்லாம் க்னூப்ளாட்டின் பொறுப்பு. எழுத்து மட்டும் லாடெக்கின் பொறுப்பு. இதற்கென்றே ‘இபிஎஸ்லாடெக்’, ‘கெய்ரோலாடெக்’ என்று இரண்டு டெர்மினல்கள் இருக்கின்றன. முதலாவது இபிஎஸ்ஸும் இரண்டாவது, கேட்டால், பிடிஎஃப்பும் தரும். நான் பயன்படுத்துவது இரண்டாவதை.

ஸ்கிரிப்ட் கோப்பில் முதல் வரி: ‘செட் டெர்மினல் கெய்ரோலாடெக் பிடிஎஃப் கலர்’, அதோடு சைஸ். அடுத்த வரி ‘செட் அவுட்புட்’, அதில் டெக் நீட்சியுள்ள ஒரு கோப்புப் பெயர். அப்புறம் வழக்கம்போல ‘எக்ஸ்லேபல்’, ‘ஒய்லேபல்’, ‘ப்ளாட்’. இதை ஓட்டியதும் இரண்டு கோப்புகள் பிறக்கும். ஒன்று எழுத்தே இல்லாத பிடிஎஃப் படம். இன்னொன்று அதே பெயரில் ஒரு டெக் கோப்பு. எந்த எழுத்து எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்ற குறிப்புகள் அதில் இருக்கும். ஆவணத்தில் நீங்கள் ‘\இன்புட்’ கொடுத்துச் சேர்க்க வேண்டியது இந்த டெக் கோப்பைத்தான். முகப்பில் ‘கிராஃபிக்ஸ்எக்ஸ்’, ‘கலர்’ தொகுப்புகள் இருக்கட்டும்.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் கணிதம். அச்சின் பெயரில் டாலர் குறிகளுக்குள் எந்தச் சமன்பாட்டையும் எழுதலாம். உரையில் வரும் ஆல்ஃபாவும் படத்தில் வரும் ஆல்ஃபாவும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை என்பது பார்த்தவுடன் தெரியும். ஆவணத்தின் எழுத்துருவை நாளை மாற்றினால் படங்களைத் தொடவே வேண்டாம், கூடவே மாறிவிடும்.

லேபிள்களை எப்போதும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் க்னூப்ளாட் பின்சாய்வுக்கோட்டைத் தனக்கான குறியாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வேண்டிவரும். ஒன்றை விட்டாலும் லாடெக் புரியாத ஒரு பிழைச்செய்தியோடு நின்றுவிடும்.

அப்படிச் செய்தபின் ஒய் அச்சின் பெயர் எண்களோடு மோதுகிறது. குறிவிளக்கப் பெட்டியும் சரியாக இல்லை.

மேலே சொன்ன பிரிவினைக்கு நாம் கொடுக்கும் விலை இது. எழுத்தை லாடெக் பிற்பாடு கோக்கிறது. அதனால் ஓர் எழுத்துத் தொடர் எவ்வளவு அகலம் வரும் என்பது படம் வரையும் நேரத்தில் க்னூப்ளாட்டுக்குத் தெரியாது. ஊகித்துத்தான் இடம் விடுகிறது. நீளமான லாடெக் கட்டளை கடைசியில் ஒரே ஒரு குறியாக அச்சாகலாம். அப்போது தேவைக்கு மேல் இடம் விட்டிருக்கும். சில வேளை குறைத்து விட்டிருக்கும்.

இடது ஓரத்தை ‘செட் எல்மார்ஜின்’ கொண்டு நீங்களே நிர்ணயியுங்கள். அச்சின் பெயரை ‘ஆஃப்செட்’ கொடுத்துத் தள்ளலாம். குறிவிளக்கத்துக்கு ‘செட் கீ’ கட்டளையில் ‘விட்த்’ என்று ஒரு திருத்த எண் உண்டு. குறை எண்ணும் தரலாம். முடிந்தால் குறிவிளக்கத்தையே எடுத்துவிட்டு, கோட்டின் பக்கத்திலேயே அதன் பெயரை ‘செட் லேபல்’ மூலம் எழுதிவிடுங்கள். பெட்டிக்கும் கோட்டுக்கும் இடையே கண் அலைய வேண்டாம். என் படங்களில் இப்போது குறிவிளக்கப் பெட்டி அபூர்வம்.

‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று லாடெக் சொல்கிறது. கோப்போ அங்கேதான் இருக்கிறது!

படங்களைத் தனி அடைவில் வைத்து, க்னூப்ளாட்டை அந்த அடைவுக்குள் நின்று ஓட்டியிருப்பீர்கள். பிறந்த டெக் கோப்பு, அடைவின் பெயர் இல்லாமல் வெறும் பெயரால் பிடிஎஃப்பைத் தேடும். ஆவணமோ மேல் அடைவில் இருக்கிறது. ஆவணம் இருக்கும் இடத்திலிருந்தே க்னூப்ளாட்டை ஓட்டி, அவுட்புட் பெயரில் அடைவையும் சேர்த்து எழுதுங்கள். அல்லது ஆவணத்தின் முகப்பில் ‘\கிராஃபிக்ஸ்பாத்’ மூலம் அந்த அடைவைச் சொல்லிவிடுங்கள்.

படக்கோப்பு காலியாக அல்லது பாதியாக இருக்கிறது.

க்னூப்ளாட்டின் உரையாடல் முறையில் வரைந்திருப்பீர்கள். கோப்பு இன்னும் மூடப்படவில்லை. வரைந்து முடித்ததும் பெயர் எதுவும் கொடுக்காமல் ‘செட் அவுட்புட்’ என்று மட்டும் அடியுங்கள். ஸ்கிரிப்ட்டாக ஓட்டினால் நிரல் முடியும்போது தானே மூடிவிடும்.

பிஜிஎஃப்ப்ளாட்ஸ் இருக்கும்போது க்னூப்ளாட் எதற்கு?

நல்ல கேள்வி. கிறிஸ்டியன் ஃபாயர்சாங்கர் எழுதிய பிஜிஎஃப்ப்ளாட்ஸ், டில் டன்டாவ் உருவாக்கிய டிக்ஸ் என்ற படம் வரையும் தொகுப்பின் மீது நிற்கிறது. வரைபடம் முழுவதும் லாடெக்குக்குள்ளேயே பிறக்கும். வெளி நிரல் வேண்டாம், இரண்டு கோப்புகளின் தொல்லை இல்லை, எழுத்துருப் பொருத்தம் இயல்பாகவே அமைந்துவிடும். நெடுவரிசைகளாக உள்ள தரவுக்கோப்பையும் நேராகப் படிக்கும். ஒரு பாடநூலுக்கு சைன் வளைவும் பரவளையமும் வரைய வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

சிக்கல் தரவு பெருகும்போது வரும். டெக் என்பது டொனால்ட் கனூத் 1970-களின் பிற்பகுதியில் எழுத்துக் கோக்க எழுதிய நிரல். பல்லாயிரம் எண்களைக் கணக்கிடுவதற்கு எழுதியதல்ல. சில ஆயிரம் புள்ளிகளைத் தாண்டினால் கம்பைல் மெதுவாகும், அப்புறம் நினைவகக் கொள்ளளவு தாண்டிவிட்டது என்று நின்றுவிடும். லாடெக்கை ஓட்டும் இன்னொரு நிரலான ‘லுவாலாடெக்’ நினைவகத்தைத் தேவைக்கேற்ப வளர்த்துக்கொள்வதால் அதற்கு மாறினால் நிற்காது. நேரம் மட்டும் எடுக்கும். ‘எக்ஸ்டர்னலைஸ்’ என்ற வசதி ஒவ்வொரு படத்தையும் ஒரு முறை வரைந்து தனிப் பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ‘ஷெல் எஸ்கேப்’ அனுமதி தர வேண்டும். ஆவணம் உங்கள் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்று ஒப்புக்கொள்வதாகும் அது. நீங்களே எழுதிய ஆவணத்துக்குத் தரலாம். வேறொருவர் அனுப்பிய கோப்புக்குத் தராதீர்கள்.

கணக்கிட்ட முடிவைக் க்னூப்ளாட்டிலோ வேறு நிரலிலோ சுருக்கி ஒரு சிறு கோப்பில் எழுதி, அதை மட்டும் பிஜிஎஃப்ப்ளாட்ஸில் வரைவது நல்ல நடுவழி.

பைத்தானில் மேட்ப்ளாட்லிப் பழகிவிட்டது. மாற வேண்டுமா?

வேண்டாம். ‘ஃபிக்சைஸ்’ மதிப்பை அங்குலத்தில் சரியாகக் கொடுங்கள், பிடிஎஃப்பாகச் சேமியுங்கள், போதும். சேமிக்கும்போது ‘டைட்’ என்று ஓரத்தை இறுக்கும் தேர்வைப் பலரும் பழக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது படத்தின் அளவை மாற்றிவிடும். மேலே சொன்ன எழுத்தளவுத் தொல்லை திரும்பவும் வரும். அதற்குப் பதில் ‘கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்’ பயன்படுத்தினால் அளவு மாறாமலே உள்ளே இடம் சரிசெய்துகொள்ளும். எழுத்துருப் பொருத்தம் வேண்டுமென்றால் ‘பிஜிஎஃப்’ என்ற பின்தளம் இருக்கிறது. எழுத்தை லாடெக்கே கோக்கும்.

தரவுக்கோப்பு எப்படி இருக்க வேண்டும்?

வெற்றிடத்தால் பிரிந்த நெடுவரிசைகள். ‘#’ குறியோடு தொடங்கும் வரி குறிப்புரை. கமாவால் பிரிந்த கோப்பு என்றால் ‘செட் டேட்டாஃபைல் செபரேட்டர்’ மூலம் கமாவைச் சொல்லிவிடுங்கள். க்னூப்ளாட்டுக்கு வெற்று வரிக்குப் பொருள் உண்டு: ஒரு வெற்று வரி வந்தால் கோடு அங்கே முறியும், இரண்டு வந்தால் புதிய தரவுத் தொகுதி தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். தேவையில்லாத இடத்தில் கோடு அறுந்திருந்தால் முதலில் வெற்று வரியைத் தேடுங்கள்.

மூலத் தரவைக் கையால் திருத்தாதீர்கள். அலகு மாற்றம், திருத்தக் காரணி எல்லாவற்றையும் ‘யூசிங்’ பகுதியில் அடைப்புக்குறிக்குள் கணக்காகவே எழுதலாம். என் ஆய்வேட்டில் நான் இப்படி எழுதியிருந்தால் அந்த மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் செய்ய முடியுமா?

அதற்குத்தான் மேக். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய கருவி. இந்த வேலைக்கு இன்றும் இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. மேக்ஃபைல் என்ற கோப்பில் மூன்று செய்திகளைச் சொல்கிறோம்: எந்தக் கோப்பு வேண்டும், அது எவற்றைச் சார்ந்திருக்கிறது, எந்தக் கட்டளையால் பிறக்கும். அவற்றின் நேரமுத்திரைகளை ஒப்பிட்டு, பழசாகிப்போனதை மட்டும் மேக் மறுபடி செய்யும்.

ஒரு படத்துக்கான விதி இரண்டே வரி. முதல் வரியில் படத்தின் டெக் கோப்பு, முக்காற்புள்ளி, பிறகு ஸ்கிரிப்ட் கோப்பும் தரவுக்கோப்பும். இரண்டாவது வரி தாவல் விசையில் தொடங்கி, க்னூப்ளாட்டும் ஸ்கிரிப்ட் பெயரும். அந்தத் தாவல் முக்கியம். இடைவெளி விசையால் தள்ளினால் மேக் ஏற்காது. ஆவணத்துக்கான விதியில் எல்லாப் படங்களையும் சார்புகளாக எழுதி, கட்டளையாக ‘லாடெக்எம்கே’ போடுங்கள். மேற்கோள், பக்க எண் எல்லாம் நிலைபெறும்வரை எத்தனை முறை தேவையோ அத்தனை முறை அதுவே லாடெக்கை ஓட்டிக்கொள்ளும்.

சார்புகளில் தரவுக்கோப்பைச் சேர்க்க மறப்பதுதான் வழக்கமான தவறு. ஸ்கிரிப்ட்டை மட்டும் எழுதியிருந்தால், தரவு மாறினாலும் ‘எல்லாம் புதிதாகவே இருக்கிறது’ என்று மேக் சொல்லிவிடும். நாமும் நம்பிவிடுவோம். அதேபோல, கெய்ரோலாடெக் இரண்டு கோப்புகளைத் தருகிறது, விதியில் இருப்பதோ டெக் கோப்பு மட்டும். பிடிஎஃப்பைத் தனியாக அழித்துவிட்டால் மேக் அதைக் கவனிக்காது. அழித்தால் இரண்டையும் சேர்த்தே அழியுங்கள்.

ஒரு லட்சம் புள்ளிகள். பிடிஎஃப் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது.

வெக்டர் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிப் பொருள். பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் லட்சம் முறை வரைய வேண்டும். முதலில் யோசிக்க வேண்டியது, அத்தனையும் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. கோடாக வரைவதென்றால் ‘எவ்ரி 20’ என்று இருபதில் ஒன்றை எடுத்தாலும் பல சமயம் வளைவு அப்படியே இருக்கும். ஆனால் கூர்மையான உச்சங்கள் உள்ள தரவில் இப்படி எடுத்தால் உச்சமே காணாமல் போகலாம். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் சிறுமத்தையும் பெருமத்தையும் கணக்கிட்டு வரையுங்கள். புள்ளி மேகம் என்றால் அடர்த்திப் படமாக மாற்றினால் படிப்பவருக்கும் நல்லது.

எல்லாப் புள்ளியும் வேண்டும்தான் என்றால் புள்ளிகளை மட்டும் படப்புள்ளிப் படமாக்கி, அச்சையும் எழுத்தையும் வெக்டராக வைத்துக்கொள்ளலாம். மேட்ப்ளாட்லிப்பில் ‘ராஸ்டரைஸ்ட்’ என்ற தேர்வு இதைச் செய்யும். க்னூப்ளாட்டின் புதிய பதிப்புகளில் கெய்ரோலாடெக்குக்குப் பிஎன்ஜி தேர்வும் உண்டு: படம் பிஎன்ஜி, எழுத்து லாடெக்.

அச்சுகளின் பெயரைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், வழியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். தமிழில் ‘கொ’ என்று எழுதினால் கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த வடிவமைப்பைச் செய்யத் தெரியாத நிரலில் எழுத்து சிதறித்தான் வரும். க்னூப்ளாட்டின் பழைய ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ டெர்மினல் அப்படிப்பட்டது. ‘பிடிஎஃப்கெய்ரோ’ இந்த வடிவமைப்பைச் செய்யும் பேங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழ் சரியாக வரும். ஸ்கிரிப்ட்டில் ‘செட் என்கோடிங்’ மூலம் யுடிஎஃப்-8 என்று சொல்லி, ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ போன்ற ஓர் எழுத்துருவின் பெயரைக் கொடுங்கள்.

ஆவணமே தமிழில் என்றால் இன்னும் எளிது. ‘ஸீலாடெக்’ அல்லது ‘லுவாலாடெக்’ கொண்டுதான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கெய்ரோலாடெக் டெர்மினலில் வரைந்தால் லேபிள்களை அதே ஆவணம்தான் கோக்கும். உரையில் தமிழ் எப்படி வருகிறதோ படத்திலும் அப்படியே வரும். லுவாலாடெக்கில் எழுத்துருவைச் சொல்லும்போது ‘ரெண்டரர்’ மதிப்பை ‘ஹார்ஃப்பஸ்’ (Renderer=HarfBuzz) என்று வைப்பது நல்லது.

லாடெக் வேண்டாம், க்ரோஃப் பயன்படுத்துகிறேன். எனக்கு என்ன வழி?

உங்களுடையது இன்னும் பழைய, அழகான மரபு. க்ரோஃப்பின் முன்னோடியான ட்ராஃப் என்ற ஆவணம் கோக்கும் நிரல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோதே ‘ஒரு வேலைக்கு ஒரு சிறு மொழி’ என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பிரையன் கெர்னிகன் படத்துக்கு ‘பிக்’ எழுதினார். ஜான் பென்ட்லியும் அவரும் சேர்ந்து வரைபடத்துக்கு ‘க்ராப்’ எழுதினார்கள். ஆவணத்துக்குள்ளேயே ‘.ஜி1’, ‘.ஜி2’ (.G1, .G2 என்று பேரெழுத்தில்) என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே தரவைக் கொட்டினால் போதும். க்ராப் அதைப் பிக் மொழியாக்கும், பிக் அதை ட்ராஃப் மொழியாக்கும், க்ரோஃப் பக்கமாக்கும். குழாய்க்குறி போட்டு வரிசையாக இணைத்தால் முடிந்தது. க்ரோஃப்போடு க்ராப் சேர்ந்து வராது; தனியாக நிறுவ வேண்டும்.

சிக்கலான படம் என்றால் க்னூப்ளாட்டில் இபிஎஸ் வரைந்து ‘.பிஎஸ்பிக்’ (.PSPIC, இதுவும் பேரெழுத்தில்) கட்டளையால் சேர்க்கலாம்.

எஸ்விஜி என்ற வெக்டர் வடிவிலுள்ள படத்தை லாடெக் ஏற்குமா?

நேரடியாக ஏற்காது. ‘ஆர்எஸ்விஜி-கன்வர்ட்’ கட்டளையால் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். அந்த வரியையும் மேக்ஃபைலில் ஒரு விதியாக எழுதிவிடுங்கள்.

இதழ் என் பிடிஎஃப்பை எழுத்துருக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது.

எனக்கும் ஒரு முறை நடந்தது. காரணத்தை விளக்காமல் ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். ‘பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்’ கட்டளையை உங்கள் கோப்பின் மேல் ஓட்டுங்கள். எழுத்துருக்களின் பட்டியல் வரும். உட்பொதிவைக் காட்டும் நெடுவரிசையில் ‘நோ’ என்று ஒன்று இருந்தாலும் அது சிக்கல்: அந்த எழுத்துரு கோப்புக்குள் இல்லை. அடுத்து வகையைப் பாருங்கள். சில இதழ்கள் ‘டைப் 3’ எழுத்துருவை ஏற்பதில்லை. மேட்ப்ளாட்லிப் இயல்பாகத் தருவது அதைத்தான். அதன் அமைப்புகளில் பிடிஎஃப்பின் ‘ஃபாண்ட்டைப்’ மதிப்பை 42 என்று மாற்றிவிட்டால் ட்ரூடைப்பாக உட்பொதியும்.

கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் கோடுகளைப் பிரித்தறிய முடியவில்லை.

வண்ணத்தோடு கோட்டின் வகையையும் மாற்றுங்கள். க்னூப்ளாட்டின் 5-ஆம் பதிப்பிலிருந்து வண்ணம் வேறு, கோட்டின் முறிவு வேறு. ‘டேஷ்டைப்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ஸ்கிரிப்ட்களில் தானாக வந்த புள்ளிக்கோடு இப்போது வராததற்கு இதுதான் காரணம். ‘செட் கலர்சீக்வென்ஸ் போடோ’ என்று ஒரு வரி சேர்த்தால், நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்களுக்கும் வேறுபாடு தெரியக்கூடிய எட்டு வண்ணங்கள் கிடைக்கும். இதை என் எல்லா ஸ்கிரிப்ட்களிலும் முதல் வரிகளிலேயே வைத்திருக்கிறேன்.

தொலைவிலுள்ள சேவையகத்தில் வேலை. திரை இல்லை. படம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

‘செட் டெர்மினல் டம்ப்’ (dumb, கடைசி எழுத்து b) என்று அடித்து வரையுங்கள். நட்சத்திரக் குறியும் கூட்டல் குறியுமாக, எழுத்துகளாலேயே வரைபடம் உங்கள் கட்டளைவரியில் வந்துவிடும். வளைவு ஏறுகிறதா இறங்குகிறதா, அச்சின் எல்லை சரியா, தவறான நெடுவரிசையை எடுத்துவிட்டோமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இரவெல்லாம் ஓடும் கணக்கீடு பாதியில் தடம் மாறியிருப்பதை இப்படிப் பார்த்துத்தான் பல முறை கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறேன். சரியாக வந்ததும் டெர்மினல் வரியை மட்டும் கெய்ரோலாடெக்குக்கு மாற்றிவிட்டு மேக் அடித்தால் போதும்.